இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு: ஆங்கில ஆட்சிமுறையில் அதன் வரலாறு

1. முன்னுரை

ஒரு நாட்டின் செல்வநிலையை அளந்தறிய முற்படுவோர், அந்நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு எத்துணை என்று வினவுதல் இயல்பு. பிற நாட்டார்க்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தவும், தன் நாணயத்தின் மதிப்பு வீழாவண்ணம் தாங்கவும், ஒரு நாடு பொன்னாகவும் பிற நாட்டுப் பணமாகவும் கடன்பத்திரமாகவும் சேர்த்து வைக்கும் பொருளே அப்பெயர் பெறும். அதன் அளவு பற்றிப் பொருளியலார் விரிவாக எழுதியுள்ளனர். ஆட்சி வரலாற்றைப் பயில்வோர் கேட்க வேண்டிய வினா மற்றொன்று உண்டு. அப்பொருள் எங்கே இருந்தது, எவ்வடிவில் இருந்தது, எவருடைய ஆணைக்கு அடங்கியிருந்தது என்பதே அவ்வினா.

‘கையிருப்பு’ என்னும் தமிழ்ச்சொல் இவ்வினாவுக்கு இடந்தருகின்றது. வேண்டியபோது எடுத்தாளத்தக்கதாய்த் தன் வசம் உள்ள பொருளே கையிருப்பு. தனக்குரியதாயினும் பிறர் வசம் நின்று, அவர் தரும்போதன்றிப் பெறமுடியாதது நிலுவை. ஆங்கிலத்தார் வழங்கும் ‘பாலன்ஸ்’ என்னும் சொல் இவ்விரண்டையும் வேறுபாடின்றிக் குறிக்கும். ஆங்கில ஆட்சியில் இந்தியாவின் பெயரால் இலண்டனில் இருந்த பெரும்பொருள் கையிருப்பாக இருந்ததா, நிலுவையாக இருந்ததா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இரு கருவூலங்கள்

1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சி முடிவுற்றது. இந்திய ஆட்சியின் முடிவான அதிகாரம் இலண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கும் அவருடைய ஆலோசனை சபைக்கும் உரியதாயிற்று. இதனால் இந்திய அரசுக்கு இரண்டு கருவூலங்கள் அமைந்தன. வரி தண்டும் கருவூலம் இந்தியாவில் இருந்தது. இங்கிலாந்தில் ஆகும் செலவுகளைக் கொடுக்கும் கருவூலம் இலண்டனில் இருந்தது. இரயில்வேக் கடனுக்கு வட்டி, ஓய்வுபெற்ற ஆங்கில அலுவலர்க்கு ஓய்வூதியம், படைச்செலவு, பண்டக் கொள்முதல் ஆகியன இலண்டனில் ஆண்டுதோறும் பவுண்டாகக் கொடுக்கப்பட்டன. இவற்றுக்கு ‘ஹோம் சார்ஜஸ்’ என்பது அலுவலகப் பெயர். இந்திய வரிப்பணத்தின் கணக்கில் ‘வீடு’ எனப்பட்டது இங்கிலாந்தே என்பது கருதத்தக்கது.

இச்செலவுக்கு வேண்டிய பவுண்டைப் பெற வகுத்த முறை கவுன்சில் உண்டியல் ஆகும். இந்தியாவிலிருந்து பருத்தி, சணல், கோதுமை முதலியவற்றை வாங்குவோர் இந்திய வணிகர்க்கு ரூபாய் கொடுத்தல் வேண்டும். இந்தியா மந்திரி புதன்கிழமைதோறும் இங்கிலாந்து வங்கியின் வாயிலாக உண்டியல்களை ஏலமிடுவார். வாங்குவோர் இலண்டனில் பவுண்டு கொடுப்பர். கல்கத்தா, பம்பாய், சென்னைக் கருவூலங்களில் அவ்வுண்டியலுக்கு ரூபாய் கிடைக்கும். இந்தியாவின் ஏற்றுமதியால் ஈட்டப்பட்ட பிற நாட்டுப் பணத்தில் பெரும்பகுதி இந்தியக் கரையை அடையாமலே இந்தியா மந்திரியின் கணக்கில் சேர்ந்தது. ஏற்றுமதி செய்தவனுக்கு ஈடாகக் கிடைத்தது உள்நாட்டு வரியிலிருந்து எடுத்த ரூபாயே.

3. பொன் காப்புநிதியின் தோற்றம்

1873-க்குப் பின்னர் வெள்ளியின் விலை உலகெங்கும் வீழ்ந்தது. வெள்ளி நாணயமான ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங்கிலிருந்து 1892-இல் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. பவுண்டாகக் கொடுக்கும் செலவு மாறாதிருப்பினும், அதற்கு ஈடான ரூபாயின் தொகை ஆண்டுதோறும் பெருகியது. ஹெர்ஷல் குழுவின் அறிக்கைப்படி 1893 ஜூன் 26-இல் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்டன. 1898-இல் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்னும் மதிப்பை எய்தியது. அவ்வாண்டு அமைக்கப்பட்ட பௌலர் குழு அம்மதிப்பையே நிலைநிறுத்துமாறும், இந்தியாவிலேயே பொன் நாணயம் வழங்குமாறும் பரிந்துரைத்தது.

இப்போது ரூபாயிலுள்ள வெள்ளியின் விலையினும் ரூபாயின் மதிப்பு மிகுந்திருந்தமையால், ஒவ்வொரு ரூபாய் அடிப்பதிலும் அரசுக்கு ஊதியம் கிடைத்தது. அவ்வூதியத்தைத் தனியே வைத்து 1900-இல் பொன் காப்புநிதி ஏற்படுத்தப்பட்டது. இந்திய மக்கள் தம் அன்றாட வழக்கிற்கு ரூபாயை ஏற்றுக்கொண்டமையால் விளைந்த பொருள் அது. பொன்னை இந்தியாவிலேயே வைத்தல் வேண்டும் என்பது இந்திய அரசாங்கத்தின் கருத்து. இந்தியா மந்திரி அதனை ஏற்றிலர். நிதி இலண்டனுக்கு மாற்றப்பட்டு, பெரும்பாலும் ஆங்கில அரசின் கடன்பத்திரங்களில் இடப்பட்டது. நோட்டுகளுக்கு ஈடாக 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருந்த காகித நாணயக் காப்புநிதியின் ஒரு பகுதியையும் இலண்டனில் வைக்கலாம் என்று 1898-க்குப் பின் வந்த சட்டங்கள் வகை செய்தன. பெயர் பொன் காப்புநிதி. அதில் பொன்னினும் பத்திரமே மிகுதி.

4. 1907-ஆம் ஆண்டின் சோதனை

காப்புநிதியின் பயன் இடர்க்காலத்தில் வெளிப்படும். 1907-இல் இரண்டு செய்திகள் ஒருங்கே நிகழ்ந்தன. இரயில்வே நிதி பற்றிய மக்கே குழுவின் கருத்தைத் தழுவி, நாணய ஊதியத்தில் பாதியை இரயில்வே முதலீட்டுக்கு எடுக்க இந்தியா மந்திரி முடிவு செய்தார். பதினொரு இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட தொகை அவ்வாறு எடுக்கப்பட்டது. அவ்வாண்டே பருவமழை பொய்த்தது. அமெரிக்காவில் பண நெருக்கடி மூண்டது. இந்தியாவின் ஏற்றுமதி குன்றி, ரூபாயின் வெளிமதிப்பு நவம்பரில் தளர்ந்தது.

அந்நிலையில் இந்தியாவிலிருந்த அலுவலர் தம்மிடமிருந்த பொன்னைத் தாராளமாக வெளிவிடத் தயங்கினர். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 பவுண்டுக்கு மேல் பொன் இல்லை என்று வரம்பிட்டனர். 1908 மார்ச்சில் இந்தியாவில் ரூபாயைப் பெற்றுக்கொண்டு இலண்டனில் பவுண்டு தரும் எதிர் உண்டியல்கள் விற்கப்பட்டன. செப்டம்பருக்குள் ஏறத்தாழ 80 இலட்சம் பவுண்டுக்கு அவை விற்பனையாயின. ரூபாயும் நிலைபெற்றது. இந்நிகழ்ச்சியால் நிதி பயனுடையது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதனைத் திறக்கும் பொழுதை முடிவு செய்வதற்குத் தெளிவான விதியேதும் இல்லை என்பதும், கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் இடையே ஓடிய தந்திகளே விதியாக நின்றன என்பதும் உடன் புலனாயின.

இலண்டனில் இருந்த இருப்பு அந்நகரப் பணச்சந்தையில் குறுகிய காலக் கடனாகக் கொடுக்கப்பட்டு வந்தது. இதுவும், 1912-இல் சாமுவேல் மாண்டேகு நிறுவனத்தின் வாயிலாக மறைவாக வெள்ளி வாங்கியதும் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் கண்டனத்துக்கு உள்ளாயின. 1913-இல் ஆஸ்டின் சேம்பர்லின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. இந்தியா அலுவலகத்தில் முன்னர்ப் பணிபுரிந்தவரும், அவ்வாண்டே இந்திய நாணயம் பற்றி நூல் வெளியிட்டவருமான கெயின்ஸ் அதில் உறுப்பினர். நிதி இருத்தற்குத் தக்க இடம் இலண்டனே என்று 1914-இல் குழு முடிவு கூறியது.

இம்முடிவுக்குக் காட்டப்பட்ட காரணத்தை எளிதில் தள்ளுதல் இயலாது. இந்தியா கொடுக்க வேண்டிய தொகை இலண்டனில் கொடுக்கப்படுவது. ஆதலின் பொன்னை இந்தியாவுக்குக் கொணர்ந்து மீண்டும் கப்பலேற்றுதல் வீண் செலவு. பத்திரத்தில் இட்டால் வட்டியும் கிடைக்கும் என்பன அக்காரணங்கள். கெயின்ஸ் இதனைச் சிக்கனமான முறை என்றே கொண்டார். இவ்வாதம் பணம் கொடுக்கும் இடத்தைப் பற்றியது. ஆணையிடுவோர் பற்றி அதில் விடையில்லை. அலுவலக வசதியையும் உரிமையையும் ஒன்றாகக் கருதிய இடத்திலேதான் வழு நேர்ந்தது.

5. 1920, 1931: ஆணையின் இருப்பிடம்

முதல் உலகப்போரின் முடிவில் வெள்ளி விலை ஏறியது. 1919-இல் ஆராய்ந்த பாபிங்டன் ஸ்மித் குழு, ரூபாயின் மதிப்பைப் பொன்னளவில் 2 ஷில்லிங்காக உயர்த்தப் பரிந்துரைத்தது. குழுவின் இந்திய உறுப்பினரான தாதிபா தலால் தனியே மாறுபட்ட குறிப்பு எழுதினார். அவர் கருத்து ஏற்கப்படவில்லை. உலகச்சந்தை தாங்காத அவ்வுயர்ந்த மதிப்பை நிலைநாட்ட 1920-இல் ஏறத்தாழ 5½ கோடி பவுண்டுக்கு எதிர் உண்டியல்கள் விற்கப்பட்டன. பவுண்டுக்கு 15 ரூபாய் வீதம் சேர்ந்த பொருள் அதனினும் மிகக் குறைந்த ரூபாய்க்கு விற்கப்பட்டது. முயற்சி அவ்வாண்டே கைவிடப்பட்டது. உலகப்போர்க் காலத்தில் சேர்ந்த இருப்பின் பெரும்பகுதி சில திங்களில் கரைந்தது. 1923-இல் வெளிவந்த அம்பேத்கரின் ‘ரூபாயின் பிரச்சினை’ என்னும் நூல், அலுவலர் விருப்பத்துக்கு விடப்பட்ட நாணய முறையின் குறைகளை விரித்துக் காட்டியது.

1931 செப்டம்பர் 21-இல் நடந்தது இதனினும் தெளிவான சான்று. அன்று பிரிட்டன் பொன் நாணய முறையைக் கைவிட்டது. வைசிராய் வில்லிங்டனின் அரசு, குறித்த விலையில் பொன்னோ பவுண்டோ விற்கும் கடப்பாட்டை நிறுத்திவைத்து அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே நாளில் இலண்டனில் இந்தியா மந்திரி சாமுவேல் ஹோர், ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் மதிப்பில் பவுண்டுடன் பிணைக்கப்பட்டிருக்கும் என்று அறிவித்தார். இரண்டு ஆணைகளும் ஒன்றோடொன்று முரண்பட்டன. செப்டம்பர் 24-இல் இந்திய அரசு தன் அவசரச் சட்டத்தை நீக்கிக்கொண்டது. ஆங்கில அரசு நியமித்த வைசிராய்க்கே இவ்விருப்பின்மீது இறுதி அதிகாரம் இல்லையென்றால், வரி செலுத்திய குடிமகனின் நிலை கூறவேண்டுவதன்று.

அதன் பின்னர் விளைபொருள் விலை வீழ்ச்சியால் நலிந்த உழவரும் பிறரும் தம் வீட்டுப் பொன்னை விற்றனர். 1931-க்கும் போர்த் தொடக்கத்துக்கும் இடையே 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பொன் இந்தியாவை விட்டு வெளியேறியது. அரசின் இலண்டன் கணக்கு அதனால் வலுப்பெற்றது. பெண்டிரின் தாலியும் வளையும் உருகியமை எவ்வரவு செலவுக் கணக்கிலும் தனி இனமாக எழுதப்பெறவில்லை.

6. போர்க்காலப் பெருக்கம்

1935 ஏப்ரல் முதல் நாள் இந்திய ரிசர்வ் வங்கி பணிதொடங்கியது. இரு காப்புநிதிகளும் அதன்பால் சேர்ந்தன. நோட்டுகளின் மதிப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு பொன்னாகவோ ஸ்டெர்லிங் பத்திரமாகவோ இருத்தல் வேண்டும் என்று 1934-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பொன்னுக்கு ஈடாக ஆங்கிலப் பத்திரத்தை வைத்தெண்ணிய இவ்விதியின் விளைவு இரண்டாம் உலகப்போரில் வெளிப்பட்டது.

1939 நவம்பரில் இரு அரசுகளும் போர்ச்செலவைப் பகிர்ந்துகொள்ள உடன்பாடு செய்தன. இந்தியாவின் சொந்தக் காப்புக்கு மேற்பட்ட செலவு பிரிட்டனுடையது. ஆனால் பிரிட்டன் அப்போதே பொருளாகவோ பொன்னாகவோ கொடுக்கவில்லை. இலண்டனில் ரிசர்வ் வங்கியின் கணக்கில் ஸ்டெர்லிங் வரவு வைக்கப்பட்டது. அதனை ஈடாகக் கொண்டு இந்தியாவில் நோட்டுகள் அடிக்கப்பட்டன. அந்நோட்டுகளால் தானியமும் துணியும் உழைப்பும் வாங்கப்பட்டன. 1939-இல் 180 கோடி ரூபாய் அளவாயிருந்த நோட்டுப் புழக்கம் 1946-இல் 1,200 கோடியைக் கடந்தது. அதே காலத்தில் ஸ்டெர்லிங் இருப்பு 1,700 கோடி ரூபாய்க்கு மேல், அஃதாவது ஏறத்தாழ 130 கோடி பவுண்டு, என்னும் அளவை எட்டியது. இடையே இந்தியா இங்கிலாந்தில் பட்டிருந்த பழங்கடனின் பெரும்பகுதியும் தீர்க்கப்பட்டது.

கடன்பட்ட நாடு கடன் கொடுத்த நாடாயிற்று என்று இதனைச் சிலர் போற்றினர். கணக்களவில் அது மெய்யே. ஆயினும் அவ்வரவுக்கு ஈடாகச் சென்ற பண்டம் உள்நாட்டார் நுகர்வினின்றும் குறைந்தது. விலைகள் ஏறின, கூலி உடன் ஏறவில்லை. 1943-இல் வங்காளப் பஞ்சத்தில் மாண்டோர் தொகையை 30 இலட்சம் வரை மதிப்பிடுவர். போர்ச்செலவால் எழுந்த பணவீக்கம் நாட்டுப்புறக் கூலியாளரின் வாங்கும் ஆற்றலை அழித்தமையை அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். பஞ்சத்துக்குப் பிற காரணங்களும் உண்டு. எனினும், இலண்டன் ஏட்டில் வரவு ஏறியதும் வங்காளத்தில் அரிசி எட்டாப்பொருளானதும் ஒரே ஆட்சிமுறையின் இரு பக்கங்கள் என்பதை மறுத்தல் இயலாது.

7. நிலுவை தீர்ந்த வகை

போர் முடியுமுன்னரே இந்நிலுவையைப் பெறுவது எங்ஙனம் என்னும் கவலை எழுந்தது. 1944 ஜூலையில் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியப் பேராளர் இதனை எழுப்பினர். அவருள் ஏ. டி. ஷ்ராப், கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் முன்னின்றனர். சண்முகம் செட்டியார் சிலப்பதிகாரத்துக்கு உரை கண்டவராகத் தமிழுலகம் அறிந்தவர். நிலுவையின் ஒரு பகுதியையேனும் பிற நாட்டுப் பணமாக மாற்றிக்கொள்ளப் பன்னாட்டு நிதியம் துணைசெய்தல் வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். அது ஏற்கப்படவில்லை. பிரிட்டன் தன் கடனை நேர்மையோடு தீர்க்கும் என்று கெயின்ஸ் உறுதி கூறினார்.

விடுதலைக்கு முதல்நாளான 1947 ஆகஸ்டு 14-இல் இடைக்கால உடன்பாடு கையெழுத்தாயிற்று. அப்போது நிலுவை ஏறத்தாழ 116 கோடி பவுண்டு. அஃது இங்கிலாந்து வங்கியில் இரண்டு கணக்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டிறுதி வரை எடுத்தாள விடப்பட்டது 3½ கோடி பவுண்டு; நடைமுறை இருப்பாக மேலும் 3 கோடி. எஞ்சியது முடக்கக் கணக்கு. மறுநாள் இந்தியா தன்னுரிமை பெற்றது. அதன் செல்வத்தின் பெரும்பகுதி பெறவில்லை.

விடுதலை இந்தியாவின் முதல் நிதி அமைச்சரான சண்முகம் செட்டியாரே 1948 ஜூலை உடன்பாட்டையும் பேசி முடித்தார். அதன்படி இந்தியாவில் பிரிட்டன் விட்டுச்சென்ற படைத்தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டு கழிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஆங்கில அலுவலரின் ஓய்வூதியப் பொறுப்பை ஒருங்கே தீர்க்க 16 கோடியே 80 இலட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டது. இவ்விரண்டாவது இனம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இலண்டனில் இந்தியப் பணம் இருக்க வேண்டும் என்பதற்கு முதலிலிருந்தே கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று ஓய்வூதியம். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், ஆட்சி முடிந்த பின்னரும், அதே செலவு அதே இருப்பிலிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொள்ளப்பட்டது.

1949 செப்டம்பரில் பவுண்டின் டாலர் மதிப்பு 4.03-இலிருந்து 2.80-ஆகக் குறைக்கப்பட்டது. ரூபாயும் உடன் குறைந்தது. முடக்கக் கணக்கில் நின்ற பொருள், அமெரிக்கப் பண்டங்களை வாங்கும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கை ஒரே நாளில் இழந்தது. முன்னரே விரும்பியவாறு எடுத்தாளும் உரிமை இருந்திருப்பின், இவ்விழப்பின் ஒரு பகுதியேனும் தவிர்ந்திருக்கும்.

நடுநிலையில் நின்று ஒன்று கூறுதல் வேண்டும். கடனைத் தள்ளுபடி செய்தல் வேண்டும் என்று பிரிட்டனில் எழுந்த குரல் வெற்றி பெறவில்லை. இந்தியாவின் கணக்கு குறைக்கப்படாமலே காலப்போக்கில் தீர்க்கப்பட்டது. அவ்வாறு கிடைத்த தொகை உணவுத் தானிய இறக்குமதிக்கும் முதலிரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களின் பொறி இறக்குமதிக்கும் உதவியது. இரண்டாம் திட்டத்தின் தொடக்கத்தில் இருப்பு விரைந்து கரைந்தபோது, நாற்பது விழுக்காட்டு விதி 1956-இல் நீக்கப்பட்டது. டி. டி. கிருஷ்ணமாச்சாரியார் நிதி அமைச்சராயிருந்த 1957-இல், பொன் 115 கோடி ரூபாய்க்குக் குறையாமல் மொத்தம் 200 கோடி ரூபாய் இருந்தால் போதும் என்று சட்டம் திருத்தப்பட்டது. இம்மாற்றம் அறிவுடையதா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை இந்தியப் பாராளுமன்றத்தில் பேச முடிந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, ஆங்கில ஆட்சியில் இந்தியாவின் வெளிநாட்டு இருப்பு இலண்டனில் அமைந்தது அங்குச் செலவு இருந்தமையால். அங்குச் செலவு இருந்தது ஆட்சியின் தலைமை அங்கு இருந்தமையால். இரண்டாவது, இருப்பின் பெருக்கம் நாட்டின் வளத்தைக் காட்டும் என்பது எப்போதும் உண்மையன்று. 1931-க்குப் பின்னரும் 1939-க்குப் பின்னரும் இருப்பு வலுத்தது மக்கள் நலிந்தமையால். மூன்றாவது, இருப்பின் இயல்பை முடிவு செய்வது அதன் இருப்பிடம் மட்டுமன்று. அதன்மீது செல்லும் ஆணையே.

இம்மூன்றாவது செய்திக்குப் பிற்கால நிகழ்ச்சிகளும் சான்றாவன. 1991-இல் செலாவணி நெருக்கடி நேர்ந்தபோது ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் பொன்னை வெளிநாட்டுக்கு அனுப்பி ஈடு வைத்துக் கடன் பெற்றது. மக்கள் அதனை மானக்கேடாக உணர்ந்தனர். ஆயினும் அம்முடிவு புதுதில்லியில் எடுக்கப்பட்டது. அதற்கு விடை சொல்ல வேண்டியவரும் இந்திய வாக்காளரின் முன் நின்றனர். 2024 செப்டம்பர் இறுதியில் ரிசர்வ் வங்கியிடம் இருந்த 854.73 டன் பொன்னில் 510.46 டன் உள்நாட்டில் இருந்தது. பிரிட்டனில் இருந்த பொன்னின் ஒரு பகுதியை அவ்வாண்டு இந்தியாவுக்குக் கொணர்ந்ததும், மற்றொரு பகுதியை வெளியே விட்டுவைத்ததும் இந்தியாவின் விருப்பப்படியே நிகழ்ந்தன. 1900-இல் பொன் இலண்டன் சென்றதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பொருளைத் திரட்டுதலோடு அதனைப் பகுத்துச் செலவிடும் திறனையும் அரசின் இலக்கணமாகத் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் வைத்துள்ளது. பகுக்கும் உரிமை பிறர்பால் இருக்குமாயின் காக்கும் தொழில் காவற்காரன் தொழிலே ஆகும். அவ்வகையில் நோக்கின், 1900 முதல் 1948 வரை இலண்டனில் நின்ற பொருள் இந்தியாவின் நிலுவையே ஆகும், கையிருப்பு எனத்தக்கதன்று. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு, சென்னை மாகாண நிதித்துறைப் பதிவேடுகளையும் கவுன்சில் உண்டியல்களுக்குச் சென்னைக் கருவூலம் கொடுத்த தொகைகளையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் மேற்பட்ட ஆய்வு மாணவர்க்கு உரிய பணியாகும்.